காஜா பெராங் குழாயும் சங்கத்து ரிப்பனும்

சங்க வேலைக்குச் சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும். என்னைப்போல் ஏதாவது ஒரு சங்கத்தில் செயலாளராகவோ உதவிச் செயலாளராகவோ மாட்டிக்கொண்டு முழிக்கிற அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நீங்கள் படித்தால், "ஐயோ பாவம், இவனுக்குமா?" என்பீர்கள். எனக்கு அது போதும்.

மலாக்காவில் வெள்ளைக்காரர் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். ஜப்பான்காரன் வருவான் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. பகலில் எனக்கு ஜாலான் துக்காங் எமாஸ் என்கிற தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கப்பிள்ளை உத்தியோகம். சாயங்காலமானால் எங்கள் காஜா பெராங் வட்டாரச் சங்கத்தின் செயலாளர். மாதம் ஒரு தடவை சங்கத்தின் கொள்கைகளையும் நடவடிக்கைகளையும் ஜனங்களிடம் நேரில் போய் விளக்கிச் சொல்லவேண்டும் என்று தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எல்லாரும் கைதூக்கினார்கள். தூக்கிய கையோடு வேலையை என் தலையில் கட்டிவிட்டு, வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

முக்காலி மேல் நின்ற கொள்கை

என் முதல் விளக்கக் கூட்டம் காஜா பெராங் சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் நடந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடுகள். மாட்டுவண்டி ஓட்டுகிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், தெருக்கூட்டுகிறவர்கள் குடியிருந்தார்கள். ஒரு முக்காலியைக் கடன் வாங்கிப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றேன். ஒற்றுமை, கல்வி, மதுவிலக்கு, சுகாதாரம் என்று வரிசையாகப் பேசிக்கொண்டு வந்தேன். "சகோதரர்களே, தினமும் குளிக்கவேண்டும், வீடு வாசலைக் கழுவவேண்டும்" என்று நான் முழங்கியபோதுதான் வீரம்மாள் வந்து சேர்ந்தாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம்.

வீரம்மாள் யாரென்றால், வண்டிக்காரன் மாரியின் தாய். துணி வெளுத்துப் பிழைப்பவள். அந்தச் சந்துக்குத் தண்ணீர் கிடையாது. தூரத்தில் செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பின் ஓரமாக ஒரு கிணறு. அங்கே போய் இறைத்து, பாசி பிடித்த பாதையில் தூக்கிவர வேண்டும். அந்தப் பாதையில்தான் போன வருஷம் அவள் மருமகள் செல்லம்மா குடத்தோடு வழுக்கி விழுந்து, வயிற்றிலிருந்த பிள்ளை போய்விட்டது. இப்போது செல்லம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இந்தக் கதையெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். குடத்தை இறக்கிவைத்துவிட்டு வீரம்மாளே சொன்னாள். சொல்லும்போது அழவில்லை, குரலும் உயரவில்லை. எனக்குத்தான் முக்காலிமேல் நிற்பது கூச்சமாக இருந்தது, இறங்கிவிட்டேன்.

"எங்க சந்துக்கு ஒரு பைப்பு வேணும், செகட்டரி தம்பி. அவ பிள்ளை பெக்கறதுக்குள்ள வரணும். வந்துச்சின்னா நீங்க சொல்ற மாதிரியே தினம் குளிக்கிறோம்."

துரையைக் கண்டோம்

சங்கத்தில் எடுத்துச் சொன்னேன். தலைவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். அவர் செங்கல் சூளை வைத்திருந்தவர், நல்ல மனுஷர், ஆனால் எந்தக் காரியத்துக்கும் மாலை இல்லாமல் கிளம்பமாட்டார். தண்ணீர் விவகாரங்களைப் பார்க்கும் துரையை ஒரு தூதுக்குழு போய்க் கண்டு, குழாய் கேட்பதாக முடிவாயிற்று. ரோஜா மாலை, எலுமிச்சம்பழம், பன்னீர்ச் செம்பு, பட்டுத்துணியில் எழுதிய வரவேற்புப் பத்திரம், போட்டோ பிடிப்பவர் ஒருவர். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ரிக்ஷாக்களில் போனோம்.

துரை எழுந்து நின்று மாலையை வாங்கிக்கொண்டார். தலைவர் பத்திரத்தை வாசித்தார். துரையின் குலம் என்ன, குணம் என்ன, கருணை என்ன! மனுஷர் வெட்கப்பட்டுச் சிவந்துபோனார். பன்னீர் தெளித்தோம். போட்டோ எடுத்தாயிற்று. பிறகு எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு நின்றோம். நான் தலைவரின் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்துப் பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை. கடைசியில் துரை ஏதோ கேட்டார். "நீங்கள் வந்த காரியம் என்ன என்று துரை கேட்கிறார்" என்றார் துபாஷி. பெரிய மனுஷரிடம், அதுவும் மாலை போட்ட கையோடு, வாய்விட்டுக் கேட்பது மரியாதையா என்று தலைவருக்கு வந்துவிட்டது தயக்கம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா, பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

சேலை வாங்க வந்தவர்

அந்த மாத விளக்கத்தில், "நம் சங்கத்தார் துரையைக் கண்டார்கள்" என்று சந்தில் அறிவித்தேன். "கண்டீங்க சரி, கேட்டீங்களா?" என்றாள் வீரம்மாள். மதுவிலக்கைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு நழுவிவிட்டேன்.

வயிற்றெரிச்சலைக் கடையிலும் சுமந்துகொண்டு போனேன். சேலை வாங்க வந்த ஓர் அம்மாளிடம் சங்கத்தின் ஒற்றுமைக் கொள்கையை விளக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி பிடித்துவிட்டார். முதலாளி ஒரு மரைக்காயர். மூன்று தலைமுறையாக அந்தத் தெருவில் வியாபாரம். தொழுகைக்குப் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஊர் முழுவதையும் பார்த்துவிடுவார். என்ன சங்கதி என்று கேட்டார். நான் துரையைக் கண்டுவந்த கதையை ஒளிக்காமல் சொன்னேன். சிரிக்கக்கூட இல்லை, தலையில் கைவைத்துக்கொண்டார்.

மறுவாரம் அதே துரையின் மனைவி ஜன்னலுக்குத் திரைத்துணி எடுக்க வந்தார்கள். துரையும் கூட வந்து கதவோரம் அலுப்போடு நின்றிருந்தார். மரைக்காயர் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, தமக்குத் தெரிந்த மலாயில், காஜா பெராங்கில் இன்ன சந்தில் தண்ணீர் இல்லை, பிள்ளைத்தாய்ச்சிகள் விழுகிறார்கள், ஒரு குழாய் வேண்டும் என்றார். துரை சந்தின் பேரை இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். திரைத்துணி மடிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்து முதலாளி சொன்னார்:

"வாயைத் தொறந்து கேட்டா குடுக்குறாங்க, கணக்கப்பிள்ளை. மாலையைக் கழுத்துல போட்டுட்டு வாயைப் பொத்திக்கிட்டா, அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்?"

செட்டிக் கம்பத்தில் மலாய்ப் பிரசங்கம்

குழாய்க்குப் பள்ளம் வெட்டவேண்டிய வழி செட்டிக் கம்பத்துக் கோயிலை ஒட்டிப் போயிற்று. வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு, இந்தக் கம்பத்துச் செட்டிகள் வேறு. இவர்களுடைய முன்னோர்கள் எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பெண்ணெடுத்து வேரூன்றியவர்கள். நெற்றி நிறையத் திருநீறு, பேச்செல்லாம் மலாய். அவர்கள் சம்மதம் வேண்டும். போகிற போக்கில் சங்கத்தின் கொள்கைகளையும் அவர்களுக்கு விளக்கிவிட்டு வரும்படி தலைவர் கட்டளையிட்டார். முதல் கொள்கை என்ன? தமிழ் வளர்ப்பது.

கோயில் முன்னால் பாய் விரித்து, தேங்காய்ப்பால் சோறும் சம்பாலும் வைத்து, என்னை மாப்பிள்ளை மாதிரி உட்காரவைத்தார்கள். நான் தமிழில் ஆரம்பித்தேன். முகத்தில் சிரிப்பு மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு வார்த்தையும் ஏறவில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சரி என்று, தமிழை ஏன் விடக்கூடாது என்பதை மலாயில் சொல்லத் தொடங்கினேன். என் மலாய், பாசாரில் மீன் வாங்கும் மலாய். அதை வைத்துக்கொண்டு தாய்மொழிப் பற்றை எப்படி விளக்குவது? எனக்கே வியர்த்துவிட்டது. ஊர்ப் பெரியவர் பாபா சுப்பையா என் கையைத் தட்டிக்கொடுத்து, நான் தமிழில் பேசியதே கேட்க நன்றாக இருந்தது என்றார்.

பள்ளம் வெட்டுவதற்கு உடனே தலையாட்டினார்கள். கிணற்றில் அவர்களுக்கும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு விஷயம்: பொங்கலுக்கு முந்தின நாள் அவர்கள் வீட்டுக்கு வீடு இலைபோட்டு முன்னோருக்குப் படைப்பார்கள். போகி பார்ச்சு என்று பெயர். அது முடியும்வரை வழியில் கைவைக்கக்கூடாது. அதற்குள் செல்லம்மாவுக்கு மாதம் ஏறிவிடுமே என்று எனக்குக் கவலை. பாபா சுப்பையா மலாயில் சொன்ன பதிலின் தமிழ் இது:

"செத்தவங்க வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும் தம்பி. அவங்க வர்ற வழியில பள்ளம் வெட்டினா விழுந்துடுவாங்க. மறுநாளே வெட்டுங்க, நானே மண்வெட்டி தர்றேன்."

ரிப்பன்

சொன்ன சொல் தவறவில்லை. பொங்கல் கழிந்ததும் கூலியாட்கள் வந்து வெட்டினார்கள், குழாய் புதைத்தார்கள், சந்து முனையில் குழாயை நட்டார்கள். மேஸ்திரி ஒரு திருகு திருகினான்; தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. "சூடா. பாக்கேலா," என்றான். ஆயிற்று, பிடித்துக்கொள்ளுங்கள் என்று மலாயில் அர்த்தம். வீரம்மாள் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த நிமிஷம் பார்த்து எங்கள் தலைவர் ரிக்ஷாவிலிருந்து இறங்கினார். "அம்மா, அம்மா, கொஞ்சம் பொறு! துரை கையால் திறப்பு விழா நடக்கவேண்டும். அதற்குமுன் யாரும் தொட்டால் துரைக்கு எவ்வளவு பெரிய அவமரியாதை!" என்றார். எங்கள் கடையிலிருந்தே சிவப்புப் பட்டு ரிப்பன் வாங்கிவந்து, குழாயின் கழுத்தில் சுற்றி, இரண்டு பக்கமும் கழி நட்டு இழுத்துக் கட்டச் சொன்னார். கட்டியது நான்தான். செயலாளர் அல்லவா! துரை கேட்கவில்லை, துரையின் ஆபீசில் ஒருவரும் கேட்கவில்லை. நம்மவர்களுக்கு மட்டும்தான் இந்தப் புத்தி வரும். வீரம்மாள் காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, ரிப்பனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாலி கட்டிட்டீங்க. சாந்தி முகூர்த்தம் எப்ப?"

நாள் பார்த்தது

முதலில் குறித்த நாள் அஷ்டமி என்று உபதலைவர் கண்டுபிடித்தார். தள்ளிப்போட்டோம். அடுத்த நாளுக்கு, சிங்கப்பூரிலிருந்து வரவேண்டிய தலைவரின் மாப்பிள்ளை வரவில்லை. மாப்பிள்ளை இல்லாமல் மாமனார் எப்படிப் பேசுவது? தள்ளிப்போட்டோம். அதற்கடுத்து நாயனக்காரர்கள் மூவாரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் திரும்பியபோது, கத்தரிக்கோல் வைத்த தட்டைத் துரையிடம் நீட்டுவது தலைவர் மனைவியா, உபதலைவர் மனைவியா என்று ஒரு சண்டை கிளம்பி, சங்கத்தில் இருவரும் முகம் பார்த்துக்கொள்ளாமல் இருந்தார்கள்.

மழையோ இல்லை. கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய், சேறாக வந்தது. செல்லம்மாவை வாசல்படி தாண்டவிடாமல் வீரம்மாளே அத்தனையையும் சுமந்தாள். ரிப்பன் கட்டிய குழாயைத் தாண்டித்தான் கிணற்றுக்குப் போகவேண்டும், தாண்டித்தான் வரவேண்டும். சந்துக்காரர்கள் ஏன் அதை அறுத்தெறியவில்லை என்று கேட்கிறீர்களா? துரை பேரைச் சொல்லிக் கட்டியது. அறுத்தால் போலீஸ் வருமென்று பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. நான் சங்கத்தில் கத்தினேன், மேஜையைக்கூடத் தட்டினேன். தலைவர் என்னைச் சமாதானப்படுத்தினார்:

"இத்தனை வருஷம் குழாய் இல்லாம இருந்தவங்கதானேய்யா, இன்னும் ஒரு வாரத்துல என்ன குடிமுழுகிப் போச்சு?"

கத்தரிக்கோல்

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், விழா மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லச் சந்துக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வீரம்மாள் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். நாள் இருக்கும்போதே செல்லம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. உள்ளே பாபா சுப்பையாவின் மனைவி இருந்தார். அந்த வட்டாரத்துக்கே அவர்தான் பிடான். மருத்துவச்சியை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, வெள்ளைத் துணியில் சுற்றிய சாமான்களோடு வருகிறவர்.

வீரம்மாள் கிணற்றுக்கு ஓடிப்போய் ஒரு குடம் கொண்டுவந்திருந்தாள். அதைத் திண்டில் இறக்கினாள். பிடான் வெளியே வந்து எட்டிப்பார்த்தார். குடத்துக்குள் காப்பி மாதிரி இருந்தது. முகம் மாறிவிட்டது. "இந்தச் சேற்றிலா பிள்ளையைக் கழுவுவது?" என்று மலாயில் கேட்டார். எல்லாரும் சந்து முனையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். உள்ளே செல்லம்மா அலறினாள். என் கால் நகரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். துரை, தலைவர், முதலாளி, போலீஸ் என்று தலைக்குள் ஒரு ஊர்வலமே போயிற்று.

பிடான் என்னைக் கடந்து விறுவிறுவென்று போனார். கொதிநீரில் போடுவதற்காகக் கையில் எடுத்து வைத்திருந்த கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. ஒரே வெட்டு. பட்டு ரிப்பன் இரண்டு பக்கமும் தொங்கியது. குழாயைத் திருகினார், தண்ணீர் சீறிக்கொண்டு கொட்டியது. கத்தரிக்கோலை அந்தத் தண்ணீரிலேயே அலசிவிட்டு, என் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார்.

"திறப்பு விழா முடிஞ்சது. கை தட்டுறதா இருந்தா தட்டிட்டு, குடத்தைத் தூக்கிட்டு வா."

நான் தட்டவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வெயில் சாய்வதற்குள் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். குழந்தை அழுத சத்தம் கேட்டதும் அத்தனை நாளும் கலங்காத வீரம்மாள், குழாயடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அன்று கடைக்குத் தாமதமாகப் போனேன். மரைக்காயர் என் நனைந்த சட்டையைப் பார்த்துவிட்டு, கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

இரண்டாவது திறப்பு விழா

ஒருவழியாக நாயனம், மாப்பிள்ளை, நல்ல நாள் மூன்றும் சேர்ந்தன. தட்டை இரண்டு அம்மாள்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வதாக ராஜியாயிற்று. நான் புது ரிப்பன் கட்டினேன். துரை வந்தார். தலைவர் பேசினார்: "இதுநாள்வரை ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணால் காணாத இந்தச் சந்திலே..." அவருக்குப் பின்னால் கொடி நிறையக் குழந்தைத் துணி வெளுப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. குழாயைச் சுற்றிக் கல் பாவி, வாய்க்கால் வெட்டி, ஓரத்தில் யாரோ நட்ட வாழைக்கன்று இரண்டு இலை விட்டிருந்தது. துரை வாழையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். துபாஷி காதில் ஏதோ கேட்டார்.

"இதை யார் முதலில் திறந்தது என்று துரை கேட்கிறார்" என்றார் துபாஷி. தலைவர் முகத்தில் ரத்தம் இல்லை. பிடான் வெற்றிலையை மென்றுகொண்டு வானத்தைப் பார்த்தார். வீரம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கையிலிருந்த பேத்தியைத் தூக்கிக் காட்டினாள். "இவதான் தொறந்தா. இவளைப் புடிச்சிக்கிட்டுப் போகச் சொல்லுங்க." துபாஷி சொன்னதும் துரை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, இங்கே வேறு ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க, சும்மா..." என்று ஆரம்பித்தார். வீரம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு துபாஷியின் சட்டையைப் பிடித்தாள்.

"அவங்க பார்த்துட்டுப் போக வந்தவங்க, ஐயா. கேக்க வந்தவ நான். பிடான் அம்மா ராத்திரியில வர்ற கிணத்துப் பாதையில ஒரு விளக்கு வேணும்னு துரைகிட்ட சொல்லுங்க."

விளக்கு வந்தது, அதற்கு ரிப்பன் கட்டவேண்டும் என்று எங்கள் சங்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.